நீங்கள் குடிக்கவில்லை என்று சொல்லிவருகிறேன்

என் தங்கராசு,

உயிரோடு இருந்தவரை உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் "ஏங்க", அடுத்தவரிடம் "அவிய". இன்றைக்குப் பெயரை எழுதியே தொடங்குகிறேன். இதில் பிரியமும் உண்டு, ஆனால் கோபம்தான் கூடுதல். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

நீங்கள் போய் நான்கு வருஷம் தாண்டிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்போது யாரும் முகக்கவசம் மாட்டுவதில்லை. ராஜபாளையம் பஸ்ஸில் ஒருவர் இருமினால் பக்கத்து ஆள் நகர்ந்துகூட உட்காருவதில்லை. அந்த நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அத ஏன் இப்ப கிளறுத?" என்கிறார்கள். கிளறத்தான் போகிறேன். நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. ராஜபாளையத்து நூல் மில்லில் நீங்கள் ஃபிட்டர். நான் சுந்தரபாண்டியம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கல்யாணமாகி முதல் பதிமூன்று வருஷம் நீங்கள் குடித்தீர்கள். தெருவில் விழுந்து கிடந்திருக்கிறீர்கள். நம் வாசலில் நின்று என்னை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறீர்கள். தெரு முழுக்கக் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நம் மகள் திவ்யா அப்போது ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். இதையெல்லாம் எழுதாமல் விட்டால், பிறகு நான் செய்தது ஏன் என்று யாருக்கும் புரியாது.

பிறகு நிறுத்தினீர்கள். ராஜபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளி அறையில் கூடும் குடிநோயாளிகள் கூட்டத்துக்கு மில் ஆள் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த அறையில் வீட்டுக்காரிகளுக்கு ஒரு கூட்டம். அங்கே நான். உங்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லு, ஒளிக்காதே. தனியாகக் கிடக்காதே, ஆளைக் கூப்பிடு. யாருக்குக் கெடுதல் செய்தாயோ அவர்களிடம் போய் நில். நாளைக்கு என்ன செய்வோம் என்று யோசிக்காதே, இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு. அந்த ஒரு நாள் ஆறு வருஷமாக நீண்டது.

அந்த ஆறு வருஷமும் நான் உங்களை மோந்து பார்த்தேன். தெரியும்தானே? மில்லிலிருந்து வந்ததும் துண்டை நீட்டுகிற சாக்கில் முகத்துக்குப் பக்கத்தில் வருவேன். கொஞ்ச நாளில் நீங்களே குனிந்து, "ஹா" என்று ஊதிவிட்டு, "பாத்துக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவீர்கள். சிரித்துக்கொண்டுதான் செய்வீர்கள். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது? ஒருநாளாவது, "போதும் செல்வி, என்னை நம்பு" என்று சண்டை போட்டிருக்கக் கூடாதா?

முதல் ஊரடங்கு வந்தபோது ஊரே பதறியது, நீங்கள் பதறவில்லை. அரசாங்கம் ஊரடங்கை நீட்டிக்கொண்டே போனது. "இன்னும் எம்புட்டு நாளுங்க?" என்று அழுதேன். "எம்புட்டு நாளுன்னு கேட்டா மண்டை வெடிச்சிரும். இன்னைக்கு ஒரு நாள் வீட்டுக்குள்ள இருப்போம். நாளைக்குப் பொறவு பாக்கலாம்" என்றீர்கள். குடியை நிறுத்தக் கற்ற வழியிலேயே வீட்டை நடத்தினீர்கள். சாப்பிட்டு முடித்ததும் மூன்று பேரும் அன்றைக்கு யார் மேல் எரிந்து விழுந்தோம் என்று சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். திவ்யா முதலில் சிரித்தாள். பிறகு அவள்தான் ஆரம்பித்துவைப்பாள்.

சாயங்காலம் ஐந்து மணியானால் கூட்டத்து ஆட்கள் ஒவ்வொருவருக்கும் போன் போடுவீர்கள். அதுதான் அவர்கள் முன்பு கடைக்குக் கிளம்பும் நேரம். அந்த நேரத்தை மட்டும் தாண்டிவிட்டால் அன்றைய பொழுது போய்விடும் என்பீர்கள்.

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. கோயில் நடை சாத்திக் கிடந்தது. என் பள்ளிப் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்க நாதியில்லை. சாராயக் கடை திறந்தது! தடுப்புக் கட்டை கட்டி, சுண்ணாம்பில் வட்டம் போட்டு, போலீஸ் காவலோடு திறந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒன்றரை மாதம் தானாகவே குடிக்காமல் இருந்த மனிதர்களை வெயிலில் வரிசையில் நிற்கவைத்து மறுபடியும் கையில் கொடுத்தார்கள்.

அந்த வரிசையில் ஆலங்குளத்து முருகேசன் நின்றான். சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்க்கிறவன், கூட்டத்துக்கு வருவதும் விடுவதுமாக இருந்தவன். அவன் கிளம்பிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் நீங்கள் வண்டியை எடுத்தீர்கள். போலீஸ் மறித்தால் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கடைக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் போய் அவன் வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

"அண்ணே, கை நடுங்குதுண்ணே. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணுன்னு நான் எத்தனை வருசம் குடிச்சேன் தெரியுமாலே? வா, நடுக்கத்துக்கு டாக்டர்ட்ட போவோம். இன்னைக்கு மட்டும் என்கூட வா. நாளைக்கு நீயே வந்து நின்னுக்கோ, நான் கேக்க மாட்டேன்."

வந்தான். மறுநாளும் வரிசைக்குப் போகவில்லை. நடுவில் ஒருமுறை சறுக்கினான். அதற்குப் பிறகு எட்டு மாதம் தொடமாட்டேன் என்று இருந்தான். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் திவ்யா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியபோதுகூட நான் பார்க்கவில்லை.

இரண்டாவது அலையில் எல்லாம் போயிற்று.

எதிர்வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெருவையே மறித்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, ஆட்கள் மாடியில் ஏறி நின்று பார்த்தார்கள். அன்றைக்கு நான் சொன்னேன்: "நம்ம வாசல்ல இன்னொரு தடவை ஊர் கூடி நிக்கிறத என்னால பாக்க முடியாது." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்ன வார்த்தை அது. அந்த வார்த்தை உங்களுக்குள் போய் உட்கார்ந்தது எனக்குத் தெரியாது.

எனக்கு உடம்புவலி வந்தது, சளி என்று நினைத்தேன். ஒருநாள் தாளிக்கும்போது கடுகு கருகியதே தெரியவில்லை. புகையைக் கண்ணால் பார்த்துத்தான் அடுப்பை அணைத்தேன். பெருங்காயம், நல்லெண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அது எதன் அறிகுறி என்று டிவியில் சொன்னார்கள்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று உங்களிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன். நானும் ஒளித்தேன், தங்கராசு.

மூன்றாம் நாள் பிற்பகல். மருந்துக்கடை வரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்பியவர், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். ஒரு காலில் செருப்பு இல்லை. கண் சிவந்திருந்தது. வாசற்படியில் தடுமாறி நிலைக்கதவில் சாய்ந்தீர்கள். பேச்சு குழறியது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மறுபடி சாராயக் கடைகளை மூடப்போகிறார்கள் என்று ஊரே முந்தின வாரம் வாங்கி அடுக்கியிருந்தது. நீங்களும் வாங்கி எங்கோ வைத்திருக்கிறீர்கள் என்றே நினைத்தேன். பக்கத்தில் வந்து மோந்தேன். எதுவும் தெரியவில்லை. என் மூக்குதான் செத்துக் கிடந்ததே!

"செல்வி... நான் குடிக்கல" என்றீர்கள்.

"எல்லாத் தடவையும் இதத்தான் சொன்னீக" என்றேன்.

உள்ளேயிருந்து ஓடிவந்த திவ்யா உங்கள் தோளைப் பிடித்தாள். "அம்மா, வாடையே இல்லம்மா. நெசமாத்தான் சொல்லுதேன்" என்றாள்.

"உனக்கு என்னட்டி தெரியும்? நீ உள்ள போ!"

பதினேழு வயதுப் பெண். அவள் மூக்கு நன்றாக இருந்தது. அவள் சொன்னதை நான் கேட்கவில்லை.

வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையில் உங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மம்சாபுரத்தில் உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அத்தான், உங்க தம்பி மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு. வந்து கூட்டிட்டுப் போங்க." அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கெடக்கட்டும்மா. தெளிஞ்ச பொறவு பேசிக்கிடலாம்." வரவில்லை. ஆனால் அடுத்த அரை மணிக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். மில்லுக்கும் போனது, கூட்டத்துக்கும் போனது.

இரண்டு மணி நேரம் அந்தத் தகரத்துக்கடியில் உட்கார்ந்திருந்தீர்கள். வைகாசி வெயில். எனக்குத் தெரியாமல் தண்ணீர் கொண்டுபோன திவ்யாதான் கத்தினாள்: "அம்மா, அப்பா விரலெல்லாம் நீலமா இருக்கு!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று. எனக்குத் தெரியவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினால் ஆள் தள்ளாடும், பேச்சு குழறும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் உங்களைத் துணிக்குள் சுற்றித் தூரத்திலிருந்து காட்டினார்கள். அண்ணனும் நகராட்சி ஆட்களும் கொண்டுபோனார்கள்.

வீடு திரும்பித் தேடியபோது மோட்டார் பெட்டிக்குப் பின்னால், ஒரு காலத்தில் நீங்கள் பாட்டிலை ஒளித்துவைத்த அதே பொந்தில், காய்ச்சல் மாத்திரை அட்டைகள் இருந்தன. மூன்று அட்டை, எல்லாம் காலி. எத்தனை நாளாக விழுங்கினீர்கள்? சாப்பிட்டு முடித்ததும் எங்கள் இரண்டு பேரையும் உள்ளதைச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அப்போதும் காய்ச்சலோடுதான் இருந்தீர்களா? அந்த அட்டைகளைச் சுவரில் விட்டெறிந்தேன். அழுகைகூட அன்றைக்கு அப்புறம்தான் வந்தது.

ஊர் என்ன சொன்னது? "ஆறு வருசம் இருந்துட்டு மறுபடியும் குடிச்சுச் செத்தான்." துக்கம் கேட்கப் போன் செய்தவர்கள், "என்ன செய்ய, பழக்கம் விடுமா?" என்றார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. மறுத்தால், பிறகு ஏன் வெளியே உட்காரவைத்தாய் என்று கேட்பார்கள். உங்கள் பெயரைக் கெடுத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். இரண்டு மாதம் அப்படித்தான் ஓடியது. திவ்யா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

ஸ்டெல்லா அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். வீட்டுக்காரிகள் கூட்டத்தை நடத்துகிற அந்த அக்காவின் வீட்டுக்காரர் கடைசிவரை குடியை நிறுத்தவே இல்லை. போனில் ஒரு மணி நேரம் உங்களைத் திட்டினேன், உங்கள் அண்ணனை, கடையை, அரசாங்கத்தை, ஊரை. அக்கா எல்லாவற்றையும் கேட்டார்.

"எல்லாம் சரிதான் செல்வி. நீ கோபப்படு, வேண்டாங்கல. உன் பங்கு என்னன்னு மட்டும் சொல்லு."

"நான் அவிய மேல ஒரு பொய்யைக் கட்டிட்டேன்க்கா."

"அப்ப அதப் போயி அவுத்து விடு. யார் யார்ட்ட சொன்னியோ, யார் யார் கேட்டு நம்புனாகளோ, அம்புட்டு வீட்டுக்கும் போ."

"எத்தனை வீடுக்கா!"

"எண்ணாத. இன்னைக்கு ஒரு வீடு."

முதல் வீடு நம் வீடுதான். திவ்யாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். "நீ சொன்னது சரி. நான் கேக்கல. அப்பா குடிக்கல. நான்தான் வெளிய உக்காரவச்சேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "உன்ன நான் மன்னிக்கலம்மா" என்றாள். நான் எழுந்தேன். "நாளைக்கு யார் வீட்டுக்குப் போற?" என்று கேட்டாள். மம்சாபுரம் என்றேன். "நானும் வாரேன். நீ மாத்திச் சொல்லுதியான்னு பாக்கணும்."

மம்சாபுரத்தில் உங்கள் அண்ணன் நாற்காலியைப் போட்டுவிட்டு, "இப்ப சொல்லி என்னம்மா ஆகப்போகுது? போன உயிரு திரும்பவா போகுது?" என்றார்.

"அவிய பேரு திரும்பும்ல அத்தான்? அரை மணி நேரத்துல நீங்க போன் போட்டீகள்ல, அதே ஆளுகளுக்கு இப்ப என் முன்னாலயே போடுங்க" என்றேன். என் சத்தம் அவருக்குப் புதிது. பக்கத்தில் திவ்யா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன் போட்டார். ஒவ்வொருவரிடமும் அவர் "தம்பி குடிக்கலையாம்" என்று இழுத்தபோது, "குடிக்கலன்னு சொல்லுங்க" என்று திருத்தினேன்.

பிறகு மில்லுக்குப் போனேன். எதிர்வீடு, பக்கத்துத் தெரு, கடைசியில் கூட்டம் என்று எல்லாம் முடித்தேன். கூட்டத்துக்காரர்கள்கூட நம்பியிருந்தார்கள், தங்கராசு! உங்களிடம் தினமும் பேசியவர்கள். அவர்களிடம்தான் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. சிலர் கதவைத் திறந்து பேசினார்கள். சிலர் என்னைக் கொலைகாரி மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முருகேசன் மட்டும் கிடைக்கவில்லை. போன் அணைந்து கிடந்தது. கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நானும் விட்டுவிட்டேன். அதுதான் தப்பு.

இந்த வருஷம் எங்கள் கூட்டத்துக்குப் பாண்டியம்மா என்று ஒரு பெண் புதிதாக வந்தாள். முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். "ஆலங்குளத்துல எங்க வீட்ல அவிய எட்டு மாசம் குடிக்காம இருந்தாக. சொல்லிக்கொடுத்த அண்ணனே குடிச்சுச் செத்துட்டாருன்னு சேதி வந்துச்சு. 'அவராலயே முடியலன்னா என்னால எப்பிடி முடியும்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாக. அன்னைக்கு ஆரம்பிச்ச குடி, கேரளா போயி வந்தும் இன்னும் நிக்கல."

நான்கு வருஷம். ஒரே ஒரு போனில் நான் சொன்ன ஒரு பொய், ஆலங்குளத்தில் ஒரு வீட்டை நான்கு வருஷமாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. "அந்த அண்ணன் வீட்டுக்காரி நான்தான். அவிய குடிக்கல" என்றேன். பாண்டியம்மா நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

மறுநாளே ஆலங்குளம் போனேன். முருகேசன் போதையில் இருந்தான். நான் சொன்னது எதுவும் ஏறவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய், அவன் குடிக்கக் கிளம்புவதற்கு முன்னால் வாசலை மறித்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் மூக்கு, கொட்டகை, நீல விரல், ஒன்றையும் விடவில்லை.

அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "எனக்குக் காய்ச்சல் விசயம் தெரியும்க்கா" என்றான்.

"என்னது?"

"அண்ணன் போன்ல சொன்னாரு. அஞ்சு நாளா காய்ச்சல்லே, செல்விட்ட சொல்லாதன்னாரு. தெருவே வாசல்ல வந்து நிக்கும், அவ பட்டது போதும்னாரு. பொறவு குடிச்சிட்டாருன்னு கேட்டதும், காய்ச்சல் பயத்துல குடிச்சிருப்பாருன்னு நெனச்சேன். நானாச்சும் உங்ககிட்ட முன்னாடியே சொல்லிருக்கணும்லக்கா?"

இதைக் கேட்டு எனக்கு உங்கள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒளிக்காதே, ஒளிக்காதே என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாயால், அவனையே ஒளிக்கச் சொன்னீர்களே! எனக்காகவா? நான் சோறு பிசையும்போது சொன்ன ஒரு வார்த்தைக்காகவா? வாசலில் பத்துப் பேர் நின்றால் நின்றுவிட்டுப் போகிறார்கள். நீங்கள் இருந்திருப்பீர்களே. குடிநோயாளி என்று அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொல்லத் துணிந்த மனிதருக்கு, காய்ச்சல் என்று கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல முடியவில்லையா? சொல்லும்படி நான் இருந்தேனா? தினமும் மோந்து பார்க்கிறவளிடம் எவன்தான் உள்ளதைச் சொல்வான்?

முருகேசனிடம் உங்கள் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "இன்னைக்கு மட்டும் என்கூட வா" என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது உங்கள் வார்த்தை. "டாக்டர்ட்ட போவோம், பாண்டியம்மாவும் வாரா" என்று மட்டும் சொன்னேன். வந்தான். இதை எழுதும் இன்றைக்கு அவன் குடிக்காமல் பதினோராவது நாள். நாளைக்கு என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திவ்யா இப்போது மதுரையில் நர்ஸ். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்பதில்லை. போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். எடுத்த எடுப்பில் போன் செய்து, "அம்மா, நூத்தி ஒண்ணு. வந்து பக்கத்துல இரு" என்றாள். அன்றைக்கே பஸ் ஏறினேன். காய்ச்சல் தணிந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இதே ஒரு வரியை நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தால் என்று நினைத்தேன். அவளை எழுப்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

தங்கராசு, ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். உங்களைப் பற்றி யார் எங்கே தப்பாகப் பேசினாலும், பஸ்ஸாக இருந்தாலும் கல்யாண வீடாக இருந்தாலும், எழுந்து நின்று இந்தக் கதையை என் பங்கையும் சேர்த்தே சொல்வேன். என் கௌரவத்துக்காக ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன். உங்களைத் தெய்வமாக்கி உங்கள் தப்பையும் குறைக்க மாட்டேன். கோபம் ஆறுகிற அன்றைக்கு ஆறட்டும். இன்றைக்கு ஆறவில்லை.

குடிக்காமல் செத்த தங்கராசுவின் மனைவி,
திவ்யாவின் அம்மா,
செல்வி